வயர்லெஸ் மாட்யூல்களுக்கு கிகேட் லைப்ரரி: எதை இறக்கலாம், எதை நாமே வரைய வேண்டும்?

பெங்களூரு பீன்யாவில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டது இது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைக்கிறார்கள். மீட்டர் அளவு லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை மூலம் கட்டடத்தில் உள்ள ஒரு பெட்டிக்கு வந்து, அங்கிருந்து 4ஜி வழியாகச் சர்வருக்குப் போக வேண்டும். பெட்டிக்குள் வைஃபை கன்ட்ரோலரான ஒரு ஈஎஸ்பி32, லோரா ரேடியோவான ஒரு ஆர்எஃப்எம்95, ஒரு 4ஜி மாட்யூல். பிசிபி (சர்க்யூட் போர்டு) வரைவது கிகேட் என்ற இலவச மென்பொருளில். மூன்றுக்கும் சிம்பலும் (சுற்றுப் படத்தில் வரும் குறியீடு) ஃபுட்பிரிண்டும் (போர்டில் பாகம் உட்காரும் செம்புத் திட்டுகளின் வரைபடம்) தேடினால் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வகை கிடைக்கிறது, ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது? எல்லா வயர்லெஸ் மாட்யூல்களும் அடங்கிய பெரிய லைப்ரரி ஒன்றை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாமா? விற்கும் பொருளில் பயன்படுத்தினால் உரிமச் சிக்கல் வருமா?

பெரிய லைப்ரரி வேண்டாம் என்பதுதான் என் பதில். நீங்கள் உண்மையில் வாங்கப்போகிற ஐந்தாறு மாட்யூல்களுக்கு மட்டும் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதை அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளலாம், அப்படியே போர்டில் வைக்கக் கூடாது.

ரெசிஸ்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் இவ்வளவு கவலை தேவையில்லை. 0603 என்றால் எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவுதான். வயர்லெஸ் மாட்யூலுக்கு அப்படிப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு நீளம், அகலம், பின் இடைவெளி, எண் வரிசை எல்லாம் வைக்கிறார். ஈஎஸ்பி32-வ்ரூம்-32ஈ மாட்யூலில் பின் இடைவெளி 1.27 மி.மீ. ஆர்எஃப்எம்95-இலும் ஈஎஸ்பி-12எஃப்-இலும் 2 மி.மீ. ஆளாளுக்கு ஒரு கணக்கு. அதைவிட முக்கியமானது, இந்த மாட்யூல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி, சால்டர் செய்யும் பேடுகளில் இருக்காது. ஆன்டெனாவைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எந்தப் பின்னை பூட் ஆகும்போது தொடக் கூடாது, எந்த வகை எந்த அலைவரிசைக்கு என்பதெல்லாம் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டின் பின்பக்கங்களில் ஒளிந்திருக்கும். லைப்ரரி வரைந்தவர் அதுவரை படித்தாரா என்பது கோப்பைப் பார்த்தால் தெரியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கிகேட்டோடு வரும் அதிகாரப்பூர்வ லைப்ரரியில் 'ஆர்எஃப் மாட்யூல்' என்று ஒரு தொகுப்பே இருக்கிறது. வ்ரூம் வகைகள், ஆர்எஃப்எம்95 குடும்பம் எல்லாம் அதில் உண்டு. புளூடூத், ஜிபிஎஸ், ஜிஎஸ்எம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுப்புகள். இவை கிகேட் லைப்ரரி விதிமுறை என்ற ஆவணத்தின்படி வரையப்பட்டு, இன்னொருவர் சரிபார்த்த பிறகே சேர்க்கப்படுகின்றன. ஆகவே முதலில் இங்கே தேடுங்கள். ஈஎஸ்பி32-ஐத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனமே தன் மாட்யூல்களுக்கு கிகேட் லைப்ரரி வெளியிடுகிறது. கிகேட் 6-இலிருந்து வந்த பிளகின் மேனேஜர் வழியாகவே அதை நிறுவலாம், புதிய வகைகள் அங்கே சீக்கிரம் வரும். அடுத்து ஸ்னாப்மேஜிக், அல்ட்ரா லைப்ரேரியன் போன்ற தளங்கள். ஸ்னாப்மேஜிக்கின் பழைய பெயர் ஸ்னாப்ஈடிஏ. இந்தத் தளங்களில் அளவுகள் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் சிம்பல் பார்க்கச் சகிக்காது. எல்லாப் பின்னும் ஒரே வகையாகவோ, எண் வரிசையிலோ கொட்டிக் கிடக்கும். ஈசிஈடிஏ என்ற இன்னொரு வரைவு மென்பொருளில் உள்ளதை கிகேட்டுக்கு மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. அவசரத்துக்கு உதவும், ஆனால் மூலத்தில் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். கடைசி இடம் கிட்ஹப்பில் தனி நபர்கள் வைத்திருக்கும் 'எல்லா வயர்லெஸ் மாட்யூல்களும்' வகை லைப்ரரிகள். அவற்றில் பல கிகேட் 5 காலத்தவை. 2021 டிசம்பரில் வந்த கிகேட் 6-இல் சிம்பல் கோப்பின் வடிவமே மாறிவிட்டது. பழையதைத் திறந்து புது வடிவத்துக்கு மாற்ற வசதி இருக்கிறது, ஆனால் அவ்வளவு பழைய கோப்பில் உள்ள மாட்யூல் இன்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள்.

இதில் ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். சிம்பலை ஓரிடத்திலும் ஃபுட்பிரிண்டை வேறிடத்திலும் எடுத்து ஒட்டாதீர்கள். கிகேட் இரண்டையும் இணைப்பது பின் எண்ணை வைத்துத்தான். சிம்பலில் நடு கிரவுண்ட் பின்னுக்கு 39 என்றும் ஃபுட்பிரிண்டில் 'ஈபி' என்றும் இருந்தால் பேட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும், அதில் ஆபத்தில்லை. ஆபத்து எங்கே என்றால், எண்கள் இரண்டிலும் இருக்கின்றன, ஆனால் வெவ்வேறு வரிசையில். ஈஎஸ்பி-12 குடும்பத்தில் இது நடக்கும். அதன் 12ஈ, 12எஃப் வகைகளில் மூன்று பக்கம் பின். சிலர் சுற்றி வரிசையாக எண் போடுவார்கள், சிலர் இரண்டு நீளப் பக்கங்களையும் முடித்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தைக் கடைசியில் எண்ணுவார்கள். இரண்டிலும் 1 முதல் 22 வரை இருப்பதால் போர்டைச் சரிபார்க்கும் டிஆர்சி வாயே திறக்காது. ஈஎஸ்பி-12-க்கான சில பழைய அடாப்டர் போர்டுகளில் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) 4, 5 இரண்டின் பெயரும் இடம் மாறி அச்சானதும் பலருக்குத் தெரிந்த கதை. அந்தப் போர்டைப் பார்த்து வரைந்த சிம்பல் இன்னும் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இனி சிம்பல். பெரும்பாலோர் அலட்சியமாகக் கடந்துபோகும் பகுதி இது, ஆனால் பெரிய கோளாறுகள் இங்கேதான் உருவாகின்றன.

ஈஎஸ்பி32-ஐயே எடுத்துக்கொள்வோம். பழைய வ்ரூம்-32, 32டி வகைகளில் 17 முதல் 22 வரையுள்ள பின்கள் ஜிபிஐஓ 6 முதல் 11 வரை. அவை உள்ளே ஃபிளாஷ் சிப்போடு இணைந்தவை, வெளியே எதற்கும் பயன்படுத்த முடியாது. 32ஈ வகையில் அதே ஆறு பின்களும் எங்கும் இணைக்கப்படாதவை என்று டேட்டாஷீட் சொல்கிறது. ஆனால் சிம்பலில் அவை மற்ற ஜிபிஐஓ போலவே அழகாக வரிசையில் நின்றால், புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு எல்இடியை அங்கே மாட்டிவிடுவான். உங்கள் சொந்த சிம்பலில் இவற்றுக்கு 'இணைக்காதே' வகையைக் கொடுங்கள். அப்புறம் யாராவது கம்பி இழுத்தால் ஸ்கிமேட்டிக்கை (சுற்றுப் படத்தை) சரிபார்க்கும் ஈஆர்சி உடனே கத்தும்.

ஜிபிஐஓ 12 இன்னொரு வம்பு. பூட் ஆகும் நேரத்தில் அது ஹை நிலையில் இருந்தால், ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று சிப் புரிந்துகொள்ளும். வ்ரூம்-32ஈ-க்குள் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ், ஆகவே பூட் ஆகாது. அந்தப் பின்னில் புல்-அப் (பின்னை ஹை நிலைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) உள்ள ஒரு சென்சாரை மாட்டினால் போதும், மேசையில் ஓடிய கோட் போர்டில் ஓடாது, இரண்டு நாள் போய்விடும். ஜிபிஐஓ 0, 2, 5, 15 ஆகியவையும் இப்படி பூட் நேரத்தில் படிக்கப்படுபவைதான். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும், உள்ளே புல்-அப்பும் இல்லை. இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது மனித வேலை கிடையாது. பின்னின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: 'ஐஓ12, பூட்டில் லோ' என்று. 34 முதல் 39 வரை பின் வகையை 'இன்புட்' ஆக்குங்கள். சிம்பல் கொஞ்சம் அகலமாகும், ஆகட்டும்.

மறைந்திருக்கும் பவர் பின்களைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள். கிகேட்டில் 'பவர் இன்புட்' வகைப் பின்னை மறைத்து வைத்தால், அது தன் பெயரிலேயே உள்ள நெட்டோடு (இணைப்போடு) தானாக இணைந்துவிடும். இறக்கிய சிம்பலில் 'விசிசி' என்ற பின் மறைந்திருக்கிறது, உங்கள் ஸ்கிமேட்டிக்கில் சப்ளையின் பெயர் '+3வி3' என்றால், மாட்யூலுக்குச் சப்ளையே போகாது. பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். என் கையில் வரும் எந்த சிம்பலையும் எடிட்டரில் திறந்து மறைந்த பின்களைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இன்னொன்று, வகைகள். ஈஎஸ்பி32-எஸ்3-வ்ரூம்-1 மாட்யூலின் வெளி அளவும் பழைய வ்ரூம் போலவே 18 × 25.5 மி.மீ. மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் அதில் ஓரப் பின்கள் 40, பழையதில் 38. கீழ் வரிசையில் 12 பின், பழையதில் 10. ஒன்றின் ஃபுட்பிரிண்டில் மற்றதை வைக்க முடியாது. அதோடு எஸ்3-இல் எட்டு-வழி பிஎஸ்ரேம் உள்ள வகையை வாங்கினால் ஜிபிஐஓ 35, 36, 37 மூன்றும் உங்களுக்கு இல்லை, அந்த நினைவகமே எடுத்துக்கொள்ளும். ஆகவே 'ஈஎஸ்பி32-எஸ்3' என்று பொதுவாக ஒரு சிம்பல் வைக்காமல், ஆர்டர் கொடுக்கும் முழுப் பார்ட் நம்பருக்கு ஒன்று என்று வையுங்கள். ஒரு சிம்பலிலிருந்து இன்னொன்றைத் தருவிக்கும் வசதி கிகேட்டில் இருக்கிறது. ஆனால் தருவித்ததில் பின்களை மாற்ற முடியாது, பெயரும் விவரங்களும்தான் மாறும். பின் மாறினால் தனி சிம்பல்தான்.

லோரா மாட்யூலில் சிக்கல் வேறு விதம். ஆர்எஃப்எம்95, 96 இரண்டும் ஒரே அச்சு: 16 பின், 16 × 16 மி.மீ, ஒன்பதாவது பின் ஆன்டெனா. ஃபுட்பிரிண்ட் ஒன்றே போதும். வித்தியாசம் அலைவரிசையில். 95-இலும் 868, 915 என்று இரண்டு உண்டு, 96 குறைந்த அலைவரிசைக்கு. கிகேட் லைப்ரரியில் இவை தனித்தனி சிம்பலாகவே இருப்பது நல்ல விஷயம்.

இந்தியாவில் நமக்கு வேண்டியது 868 வகை. 865–867 மெகாஹெர்ட்ஸ் 2005-இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. 2021-இல் அது 865–868 ஆக விரிந்தது. டிரான்ஸ்மிட்டர் சக்தி அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் கதிர்வீச்சுச் சக்தி (ஈஆர்பி), சேனல் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். லோராவான் (லோரா மேல் ஓடும் பொது நெட்வொர்க் நெறிமுறை) முறையில் போவதாக இருந்தால் இந்தியாவுக்கான திட்டத்தின் பெயர் ஐஎன்865, அதன் அடிப்படைச் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. 915 வகையை அதே விலையில் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்காவின் 902–928 பட்டையில் ஒரு பகுதி இங்கே மொபைல் கம்பெனிகளின் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. சிம்பலின் விவரப் புலங்களில் 'பட்டை: 865–868, இந்தியா' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், கொள்முதல் பட்டியலிலும் அது தானாக வந்து நிற்கும். வாங்குபவர் எஞ்சினியராக இருக்க மாட்டார் என்பதை மறக்காதீர்கள்.

இடையில் ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெட்டியில் ஒரே ஒரு ஆர்எஃப்எம்95 வைத்தால் அது லோராவான் கேட்வே ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு சேனலை, ஒரு ஸ்ப்ரெடிங் ஃபேக்டரைத்தான் (லோராவின் வேக நிலை) அது கேட்கும். உங்கள் சொந்த நெறிமுறையில் மீட்டர்களை வரிசையாகப் பேச வைக்கிறீர்கள் என்றால் பிரச்சினை இல்லை. அப்படியில்லை என்றால் எஸ்எக்ஸ்1302 போன்ற சிப் உள்ள பல-சேனல் மாட்யூல் வேண்டும். போர்டு வரைவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஃபுட்பிரிண்டுக்கு வருவோம். முதலில் கண்ணாடி பிம்பப் பிழை. மாட்யூலின் பேடுகள் அடியில் இருப்பதால் பல டேட்டாஷீட்டுகள் கீழிருந்து பார்க்கும் படத்தைத் தருகின்றன. ஃபுட்பிரிண்டோ மேலிருந்து பார்ப்பது. படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பாட்டம் வியூ' என்று இருக்கும், அதைக் கவனிக்காமல் வரைந்தால் இடம் வலம் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பின் இருந்தால் மாட்யூல் கச்சிதமாக உட்கார்ந்தும் விடும். பவர் கொடுக்கும்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குழு 4ஜி மாட்யூலில் இப்படி மாட்டிக்கொண்டு முழு பேட்ச் போர்டையும் தூக்கிப் போட்டது. ஆகவே இறக்கிய ஃபுட்பிரிண்டில் 1-ஆம் பின் எந்த மூலையில் இருக்கிறது, 2-ஆம் பின் எந்தத் திசையில் போகிறது என்பதை டேட்டாஷீட்டின் மேற்பார்வைப் படத்தோடு ஒப்பிடுங்கள். மேற்பார்வைப் படம் இல்லையென்றால் கையில் உள்ள மாட்யூலை எடுத்து, மேலே உள்ள புள்ளியைப் பார்த்து, கிரவுண்ட் பின்களை மல்டிமீட்டரால் தொட்டு உறுதிசெய்யுங்கள். ஆர்எஃப்எம்95-இல் 1, 8, 10 மூன்றும் கிரவுண்ட். பீப் சத்தம் எங்கே வருகிறது என்று பார்த்தாலே வரிசை புரிந்துவிடும்.

அதன் பிறகு ஃபுட்பிரிண்டை நூறு சதவீத அளவில் காகிதத்தில் அச்சடித்து, மாட்யூலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். பழைய முறைதான், ஆனால் 1.27-க்கும் 1.25-க்கும் உள்ள வித்தியாசம் பதினாலாவது பின்னில் கண்ணுக்கே தெரியும். பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று தன்பாட்டுக்குச் சுருக்கிவிடும், அதை அணைத்துவிட்டு ஒரு 100 மி.மீ கோட்டையும் சேர்த்து அச்சடித்து ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

ஓரத்தில் அரைவட்டமாக வெட்டிய பேடுகளுக்கு, போர்டில் உள்ள பேட் மாட்யூலின் விளிம்பைத் தாண்டி வெளியே கொஞ்சம் நீள வேண்டும். அப்போதுதான் சால்டர் ஏறி நிற்பதைப் பார்க்க முடியும், ரிப்பேருக்கும் இரும்பு வைக்க இடம் கிடைக்கும். சில லைப்ரரிகளில் பேட் மாட்யூலுக்கு அடியிலேயே முடிந்துவிடும். ஓவனில் போட்டால் ஒட்டும், கையால் சால்டர் செய்ய முடியாது. நடு கிரவுண்ட் பேடில் சால்டர் பேஸ்ட் ஓட்டையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே பெரிய ஓட்டையாக இருந்தால் உருகிய சால்டரின் மேல் மாட்யூல் மிதந்து நகரும். ஈஎஸ்பி32-வ்ரூமில் அந்த நடு பேட் மாட்யூலின் மையத்தில் இருக்காது, தள்ளியிருக்கும். 'பிழை போலிருக்கிறதே' என்று நடுவுக்கு நகர்த்திவிடாதீர்கள். முதல் சில போர்டுகளைக் கையால் செய்கிறீர்கள் என்றால், அந்த மாட்யூலில் நடு பேடை ஒட்டியே ஆக வேண்டும் என்றில்லை, எஸ்பிரெசிஃப் டேட்டாஷீட்டே அப்படித்தான் சொல்கிறது.

ஆன்டெனா வெற்றிடம்தான் வயர்லெஸ் ஃபுட்பிரிண்டை மற்ற ஃபுட்பிரிண்டுகளிலிருந்து வேறுபடுத்துவது. மாட்யூலின் ஒரு முனையில் வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடு இருக்கிறதே, அதற்கு அடியிலும் அக்கம்பக்கத்திலும் எந்தச் செம்பும் இருக்கக் கூடாது, எந்த லேயரிலும். எஸ்பிரெசிஃப் பரிந்துரை ஆன்டெனாவைச் சுற்றி 15 மி.மீ. மாட்யூலைப் போர்டின் விளிம்பில் வைத்து ஆன்டெனாவை வெளியே நீட்டிவிடுவதே நல்லது. பழைய ஃபுட்பிரிண்டுகளில் இந்த இடத்தை வெறும் கோடாக, குறிப்பு லேயரில் வரைந்து 'கீப்-அவுட்' என்று எழுதியிருப்பார்கள். அதை மனிதன் படிக்கலாம், டிஆர்சி படிக்காது. கிரவுண்ட் ஃபில் போட்டால் அந்த எழுத்துக்கு அடியிலேயே செம்பு நிறைந்துவிடும். கிகேட் 6-இலிருந்து ஃபுட்பிரிண்டுக்குள்ளேயே உண்மையான தடைப் பகுதியை வைக்க முடியும். எல்லாச் செம்பு லேயர்களுக்கும் ஃபில், டிராக், வயா (லேயர்களை இணைக்கும் துளை) மூன்றையும் தடுத்து ஒரு பகுதியை வரைந்து சேர்த்துவிடுங்கள். இறக்கிய லைப்ரரியில் நான் முதலில் திருத்துவது இதைத்தான்.

இங்கே உங்கள் பொருளுக்கான கவலையும் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் போகும் டக்டுக்குள் இரும்புக் குழாய், கான்கிரீட், ஈரம் எல்லாம் உண்டு. 15 மி.மீ என்பது போர்டில் உள்ள செம்புக்கு மட்டுமான கணக்கில்லை, பெட்டிக்குள் வரும் பேட்டரிக்கும் திருகுக்கும் சேர்த்துத்தான். ஆகவே அந்தத் தடைப் பகுதியை மெக்கானிக்கல் ஆட்களுக்கும் தெரியும்படி ஒரு லேயரில் வரைந்து கொடுங்கள். டக்டுக்குள் வைப்பதாக இருந்தால் போர்டு ஆன்டெனா உள்ள வகையையே தவிர்த்து, கனெக்டர் உள்ள வ்ரூம்-32யூ போன்றதை எடுத்து ஆன்டெனாவை வெளியே கொண்டுவருவது மேல். அது 18 × 19.2 மி.மீ, நீளம் குறைவு, ஃபுட்பிரிண்டும் தனி.

ஆர்எஃப்எம்95-இல் ஆன்டெனாவே கிடையாது, ஒன்பதாவது பின்னிலிருந்து 50 ஓம் கோடு நீங்களே இழுக்க வேண்டும். 1.6 மி.மீ தடிமன் கொண்ட இரண்டு லேயர் எஃப்ஆர்4 போர்டில் சாதாரண மைக்ரோஸ்டிரிப் (அடியில் கிரவுண்ட் உள்ள கோடு) என்றால் கோட்டின் அகலம் 3 மி.மீ பக்கம் வரும். பின் இடைவெளியோ 2 மி.மீ. பொருந்தாது. இரு பக்கமும் கிரவுண்டை நெருக்கமாகக் கொண்டுவந்து கோட்டை மெலிதாக்கும் கோபிளேனர் முறைதான் வழி, 8-உம் 10-உம் கிரவுண்டாக இருப்பது அதற்கு வசதி. நான்கு லேயர் போர்டில், முதல் இரண்டு லேயர்களுக்கு நடுவே 0.2 மி.மீ இருந்தால் கோடு 0.35 மி.மீ அளவில் முடிந்துவிடும். கிகேட்டின் கால்குலேட்டரில் உங்கள் ஃபேப் (போர்டு தயாரிக்கும் நிறுவனம்) தரும் அடுக்கு விவரத்தைப் போட்டுப் பாருங்கள். ஆன்டெனாவுக்கு முன் மூன்று பாகங்கள் கொண்ட பை வடிவப் பொருத்தச் சுற்றுக்கு இடம் விடுங்கள். முதல் போர்டில் நடுவில் பூஜ்யம் ஓம், மற்ற இரண்டும் காலி.

இந்தச் சுற்றுகள் எல்லாம் சிம்பலுக்குள் அடங்காது. அதற்குத்தான் கிகேட் 9-இல் வந்த டிசைன் பிளாக் வசதி. மாட்யூல், டீகப்ளிங் கெப்பாசிட்டர்கள், ஈஎன் பின்னில் எஸ்பிரெசிஃப் சொல்லும் 10 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட், பூட் பட்டன், பை சுற்று எல்லாவற்றையும் ஒரு ஸ்கிமேட்டிக் துண்டாகச் சேமித்துவிடலாம். அடுத்த புராஜெக்டில் மாட்யூலை மட்டும் எடுத்துப் போடாமல் துண்டாகவே எடுத்துப் போடுவீர்கள். தனி சிம்பலை மட்டும் தருவது பக்கத்து வீட்டுக்காரர் மருந்துச் சீட்டில் ஒரு வரியை மட்டும் கிழித்துக் கொடுத்தது போலத்தான்.

4ஜி மாட்யூலில் பின் எண்ணிக்கையே மிரட்டும். க்வெக்டெல் ஈசி25 போன்றவற்றில் 144 பின், ஓரத்தில் 80, அடியில் 64. ஒரே சிம்பலாக வரைந்தால் பக்கம் முழுக்க அதுவே இருக்கும். பவர், யுஎஸ்பி-யுஏஆர்டி, சிம், ஆன்டெனா, கிரவுண்ட் என்று அலகுகளாகப் பிரியுங்கள். 'ரிசர்வ்டு' பின்களைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, கூடாது, 'இணைக்காதே' என்றால் தனியாக விடுங்கள். இந்த மாட்யூல்களின் யுஏஆர்டி என்ற சீரியல் இணைப்பு 1.8 வோல்ட், உங்கள் ஈஎஸ்பி32 3.3 வோல்ட். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் நேராக இணைத்தால் மாட்யூலுக்கு ஆபத்து. பின் பெயரிலேயே '1வி8' என்று சேர்த்து எழுதுவது இங்கே உங்களைக் காப்பாற்றும். செலவைக் குறைக்க சிம்800 போட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால், அது 2ஜி. ஜியோவில் 2ஜி இல்லை என்பதால் அந்த சிம் கார்டு அதில் வேலை செய்யாது. அதற்கு வேண்டியதும் 3.4 முதல் 4.4 வோல்ட், அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 3.3 வோல்ட் ரெகுலேட்டரில் மாட்டிவிட்டு 'நெட்வொர்க் விட்டு விட்டு வருகிறது' என்று புலம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

3டி மாடல் இருந்தால் நல்லது, பெட்டி வடிவமைப்பவருக்கு உதவும். இல்லையென்றால் சரியான உயரத்தில் ஒரு கட்டம் போதும்.

லைப்ரரியை எப்படி வைத்துக்கொள்வது? கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் தனி ரெப்போ, ஒவ்வொரு புராஜெக்டிலும் சப்மாட்யூலாக (இணைத்த துணைத் தொகுப்பாக). பாதைகளை உங்கள் கணினியின் டிரைவ் எழுத்தோடு எழுதாமல் புராஜெக்ட் ஃபோல்டருக்கான கிகேட் மாறியை வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து மேசையில் திறக்காது. ஒவ்வொரு சிம்பலிலும் தயாரிப்பாளர் பார்ட் நம்பர், டேட்டாஷீட்டின் பதிப்பு எண், யார் சரிபார்த்தார் என்ற புலங்கள். இன்னும் ஒன்று சேருங்கள்: மாட்யூலுக்கு ஏற்கெனவே இடிஏ (வயர்லெஸ் உபகரண ஒப்புதல்) சான்றிதழ் இருந்தால் அதன் எண். இந்தியாவில் வயர்லெஸ் பொருளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவின் இடிஏ வேண்டும், சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிப்பது. சான்றிதழ் கேட்கும் நாளில் மின்னஞ்சல்களைத் துழாவ வேண்டாம். தயாரிப்பு தொடங்கிய பிறகு மாட்யூலை மாற்றும் எண்ணம் வந்தால் முதலில் இந்தப் புலத்தைப் பாருங்கள்.

லைப்ரரியில் பிழையைத் திருத்தினால் பழைய புராஜெக்டுகள் தானாகத் திருந்தாது. கிகேட் 6-இலிருந்து ஸ்கிமேட்டிக் தனக்குள் சிம்பலின் நகலை வைத்துக்கொள்கிறது, போர்டுக் கோப்பும் ஃபுட்பிரிண்டின் நகலை வைத்துக்கொள்கிறது. இது நன்மைதான், இரண்டு வருடத்துக்கு முந்தைய போர்டு திறந்தவுடன் மாறிவிடாது. ஆனால் திருத்தம் வேண்டுமென்றால் 'லைப்ரரியிலிருந்து புதுப்பி' என்பதை இரண்டு எடிட்டரிலும் நீங்களே ஓட்ட வேண்டும்.

உரிமக் கேள்வி எளிது. கிகேட்டின் அதிகாரப்பூர்வ லைப்ரரிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வருகின்றன, கூடவே ஒரு விலக்கும் உண்டு: அவற்றை வைத்து வரைந்த போர்டுக்கு அந்த உரிமம் தொற்றாது. ஆகவே உங்கள் ஸ்கிமேட்டிக்கை வெளியிட வேண்டியதில்லை, போர்டைத் தாராளமாக விற்கலாம். அதே சிம்பல்களைத் திருத்தி, லைப்ரரியாகவே வெளியில் கொடுத்தால் மட்டும் அதே உரிமத்தில், பெயர் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கிட்ஹப்பில் உரிமக் கோப்பே இல்லாத ரெப்போக்களிலிருந்து எடுத்ததை நிறுவன லைப்ரரியில் சேர்க்காதீர்கள். டேட்டாஷீட்டைப் பார்த்து நீங்களே வரைய ஒரு மதியம் போதும், அப்படி வரைந்ததற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.